உப்பளத்து வரப்பில் ஒரு வால்வெள்ளி: மவுண்டுக்கு ஆப்பு வைத்த அனுபவம்

தூத்துக்குடிப் பக்கம் இருந்துகொண்டு வானத்தைப் படம் எடுப்பவனுக்குத் துருவ நட்சத்திரத்தோடு தீராத வழக்கு ஒன்று உண்டு. நம் அட்சரேகை ஒன்பது டிகிரி. ஆகவே அந்த நட்சத்திரமும் வடக்கு அடிவானத்திலிருந்து ஒன்பது டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அந்த உயரத்தில் பனைமரம் இருக்கும், புழுதி இருக்கும், பக்கத்து ஊரின் விளக்கு வெளிச்சம் இருக்கும். நட்சத்திரம் மட்டும் இருக்காது. அதைப் பார்த்துத்தான் மவுண்டின், அதாவது தொலைநோக்கியைத் தாங்கி வானத்தின் நகர்வோடு சேர்த்துத் திருப்பும் கருவியின், அச்சைச் சரிசெய்ய வேண்டும் என்று எல்லாக் கையேடும் முதல் பக்கத்திலேயே சொல்லும். போதாக்குறைக்கு, என்னிடம் உள்ள மவுண்டின் உயர அளவுகோல் இருபது டிகிரிக்குக் கீழே இறங்கவே இறங்காது. செய்தவர்கள் நம் ஊர்க்காரர்களை மனத்தில் வைத்துச் செய்யவில்லை.

இத்தனை காலம் நிலாவையும் வியாழனையும் படம் எடுத்ததால் இந்தக் குறையோடு எப்படியோ ஓட்டிவிட முடிந்தது. 2024 செப்டம்பர் கடைசியில் சுசின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளி விடியற்காலை வானத்துக்கு வந்தபோது அந்தச் சாக்கு செல்லவில்லை. C/2023 A3 என்பது அதன் பதிவுப் பெயர். சீனாவின் பர்ப்பிள் மவுண்டன் (சீன மொழியில் சுசின்ஷான்) ஆய்வகம் 2023 ஜனவரி 9 அன்று எடுத்த படத்தில் முதலில் பிடிபட்டது. பிறகு காணாமல் போனதாகக் கருதப்பட்டு, பிப்ரவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியில் மறுபடி சிக்கியது. இரண்டு பெயரும் அப்படித்தான் சேர்ந்தன. 2024 ஜூலையில், சூரியனை நெருங்கும் முன்பே இது சிதறிப் போகும் என்று வால்வெள்ளி ஆய்வாளர் ஸ்டெனெக் செக்கானினா கட்டுரை எழுதினார். அது சிதறவில்லை. செப்டம்பர் 27 அன்று சூரியனிலிருந்து ஏறத்தாழ 5.85 கோடி கிலோமீட்டர் தொலைவில் வளைந்து திரும்பியது.

வானத்தில் அதற்கும் சூரியனுக்கும் இடையே அப்போது இருபத்தைந்து டிகிரிக்கும் குறைவான இடைவெளிதான். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு விடியல் வெளிச்சத்திலேயே மூழ்கிப் போகும் இடம் அது. நமக்கு அப்படி இல்லை. பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் செல்லும் பாதை இங்கே அடிவானத்திலிருந்து ஏறக்குறையச் செங்குத்தாக எழும்புகிறது. அந்த இடைவெளி முழுவதும் நமக்கு உயரமாக மாறிவிடுகிறது. வால்வெள்ளி சூரியனுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே உதித்துவிடும். துருவ நட்சத்திரத்தைப் புழுதியில் புதைத்த அதே அட்சரேகைதான் வால்வெள்ளியைத் தூக்கி நிறுத்துகிறது. இந்த லாபத்தை வாங்கிக்கொள்ள மவுண்டைச் சாய்த்தாக வேண்டும்.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. 72 மி.மீ. முகப்பு லென்ஸும் 420 மி.மீ. குவியத்தூரமும் உள்ள சின்ன ஒளிவிலகல் தொலைநோக்கி. பழையதாக வாங்கிய கேனன் 700டி கேமரா. ஒரே ஒரு அச்சில் மோட்டார் பூட்டிய மவுண்ட். மோட்டாருக்குப் பெரிய டார்ச் செல் நான்கு. இந்தக் கூட்டணியில் ஒரு படத்துக்குள் மூன்று டிகிரிக்கு இரண்டு டிகிரி வானம் அடங்கும். ஒரு பிக்சலுக்கு இரண்டு ஆர்க் விநாடிக்குச் சற்று மேல் (ஒரு டிகிரியில் அறுபது ஆர்க் நிமிடம், ஓர் ஆர்க் நிமிடத்தில் அறுபது ஆர்க் விநாடி). பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் ஒரு விநாடிக்குப் பதினைந்து ஆர்க் விநாடி நகரும். மோட்டார் இல்லாமல் ஒரு விநாடி திறந்து வைத்தாலே ஒவ்வொரு நட்சத்திரமும் ஏழு பிக்சல் கோடாகிவிடும் என்று அர்த்தம். ஆகவே மோட்டார் வேண்டும். மோட்டாரால் பயன் இருக்க வேண்டுமானால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக, ஒன்பது டிகிரியில் நிற்க வேண்டும்.

இருபதிலிருந்து ஒன்பதுக்கு இறங்க இரண்டு வழி. ஒன்று, ட்ரைபாடின் வடக்குக் காலைச் சுருக்குவது. என் ட்ரைபாடின் கால் விரிப்புக்குப் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் சுருக்க வேண்டியிருந்தது. மொத்த எடையும் வடக்கே போய்விடும். கடற்காற்று அடிக்கும் இடத்தில் அதை நம்பிக் கேமராவை மாட்ட எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, ட்ரைபாடின் தலைக்கும் மவுண்டின் அடிக்கும் நடுவே சரிவான ஆப்பு ஒன்றை வைப்பது. பதினொரு டிகிரிச் சரிவு, தடித்த பக்கம் தெற்கே.

மரவேலைக்கு ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. படகு கட்டும் ஓடாவி ஒருவர் எனக்குப் பழக்கம். சரிவு வெட்டுவது அவருக்கு அன்றாட வேலை. படகில் செங்கோணம் என்று எதுவும் கிடையாது. தாளில் வரைந்து காட்டினேன். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம், மெல்லிய ஓரம் ஒரு சென்டிமீட்டர், எதிர் ஓரம் மூன்று. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, போல்ட் நேராகப் போகுமா, சரிந்து போகுமா?” என்று கேட்டார். கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. மவுண்டைப் பிடிக்கும் போல்ட் மவுண்டின் அடிக்குச் செங்குத்தாக ஏற வேண்டும். அப்படியானால் ட்ரைபாடின் தலையை அது பதினொரு டிகிரி சாய்வாகத்தான் கடக்கும். கீழே வாஷர் ஒரு விளிம்பில் மட்டும் உட்காரும், இறுக்க இறுக்க நழுவும். “சரிந்துதான் போகும் அண்ணாச்சி” என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. மேலே வைக்கும் ஆப்போடு, அதே சரிவில் தீப்பெட்டி அகலத்துக்குச் சின்ன ஆப்பு ஒன்றையும் வெட்டித் தந்தார். அது தலைக்கு அடியில், தலைகீழாக. பெரிய ஆப்பின் சரிவைச் சின்ன ஆப்பு கழித்துவிட, போல்ட்டின் கீழ்முனை பதறாமல் தட்டையாக உட்கார்ந்தது. ட்ரைபாடின் ஓட்டையை மட்டும் அரத்தால் கொஞ்சம் நீள்வட்டமாக அராவ வேண்டியிருந்தது. மரம் வாகை. மேலே இரண்டு பூச்சு வார்னிஷ்.

ஆப்பு வைத்ததில் கேட்காமலே கிடைத்த வசதி ஒன்று உண்டு. அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிட்ட மவுண்டில், கிழக்கு அடிவானத்தை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பினால் அது மேலே போகும். எதிரெடை நேர் கீழே, சற்று வடக்கே சாய்ந்து தொங்கும். வழக்கமாக ட்ரைபாடின் ஒரு கால் வடக்கே நிற்பதால் எடை அந்தக் காலில் போய் இடிக்கும். நம் ஊரில் இந்த வகை மவுண்ட் வைத்திருப்பவர்கள் பலரும் இந்த இடியைக் கேட்டிருப்பார்கள். நடுவில் தனி ஆப்பு வந்துவிட்டதால், மவுண்டை வடக்கு நோக்கிப் பிடித்து நிறுத்தும் திசைமுளையை அறுபது டிகிரி தள்ளிப் பொருத்தச் சொன்னேன். இப்போது வடக்கே இரண்டு கால்களுக்கு நடுவிலான சந்து. எடை அந்தச் சந்துக்குள் தாராளமாகத் தொங்குகிறது. எடையைத் தண்டின் நுனிக்குத் தள்ளாமல் மேலேயே இறுக்கி வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்த கேள்வி, நட்சத்திரம் தெரியாமல் வடக்கை எப்படிக் கண்டுபிடிப்பது. காந்த ஊசி நம் பகுதியில் உண்மை வடக்கிலிருந்து இரண்டு டிகிரிக்குள்தான் விலகும். ஆனால் எஃகு ட்ரைபாடுக்குப் பக்கத்தில் வைத்தால் கைபேசியின் காம்பஸ் அதன் இஷ்டத்துக்கு ஆடும். ஆகவே நண்பகல் நிழலைப் பிடித்தேன். தூக்குக்குண்டு கட்டி, அதன் நிழல் தரையில் விழும் கோட்டைச் சூரியன் உச்சிக்கு வரும் கணத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணம் கடிகாரத்தின் பன்னிரண்டு அல்ல. நம் கடிகாரம் ஓடுவது 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு. நாம் இருப்பது 78-ஐ ஒட்டி. அதனால் பதினேழு நிமிடம் தாமதம். செப்டம்பர் கடைசியில் சூரியன் ஒன்பதரை நிமிடம் முந்தியிருக்கும். கழித்துப் பார்த்தால் 12.07 கடந்து அரை நிமிடம் அளவில் வருகிறது. அந்த நாட்களில் நண்பகல் சூரியன் நம் தலையுச்சிக்குப் பக்கத்திலேயே போவதால் நிழல் குட்டையாகவும் வேகமாகத் திரும்புவதாகவும் இருக்கும். ஒரு நிமிடம் தவறினாலே திசை ஒரு டிகிரிக்கு மேல் தப்பிவிடும். வரப்பில் இரண்டு ஆணி அடித்து, நடுவே நைலான் கயிறு கட்டி விட்டு வந்தேன்.

சொல்லப்போனால் அந்தக் கயிறு அத்தனை துல்லியமாக இருக்கத் தேவையே இல்லை. இதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்று எனக்கு வருத்தம். அச்சு கிழக்கு மேற்காகத் தப்பினால், அந்தத் தவறு தலைக்கு மேலேயும் தெற்கிலும் உள்ள நட்சத்திரங்களை இழுக்கும். நேர் கிழக்கில் உள்ளதை ஏறக்குறையத் தொடவே தொடாது. அச்சின் உயரம் தப்பினால் நிலைமை தலைகீழ்: தெற்கில் உள்ளது தப்பித்துக்கொள்ளும், கிழக்கில் உள்ளது மாட்டிக்கொள்ளும். நம் வால்வெள்ளி உதிப்பது கிழக்கிலிருந்து ஐந்தாறு டிகிரி தெற்கே. ஆக, விடியற்காலை வால்வெள்ளிக்கு வடக்கு இரண்டு டிகிரி பிசகினாலும் பொறுக்கலாம், உயரம் பிசகக் கூடாது. உயரம் ஒரு டிகிரி தப்பினால் பத்து விநாடிப் படத்தில் நட்சத்திரம் ஒன்றேகால் பிக்சல் இழுபடும். அரை டிகிரிக்குள் வைத்துவிட்டால் கவலை இல்லை. அதற்குக் கைபேசியின் ரசமட்டச் செயலியே போதும்: தொலைநோக்கியை அச்சுக்கு இணையாக நிறுத்தி, அதன் அடித்தட்டில் கைபேசியைக் கிடத்தி, எண் ஒன்பதைக் காட்டும்வரை திருகைத் திருக வேண்டியதுதான். துருவ நட்சத்திரத்துக்காகப் பனைமரத்தைத் திட்டிய பொழுதெல்லாம் வீண்.

இடம், வேப்பலோடைப் பக்கத்து உப்பளம். தூத்துக்குடிக்கு வடக்கே, தருவைகுளம் தாண்டிப் போக வேண்டும். கிழக்கே பாத்திகள், அவற்றுக்கு அப்பால் மன்னார் வளைகுடா. மரம் இல்லை, மாடி இல்லை. அனல்மின் நிலையத்தின் வெளிச்சம் தெற்கே ஒதுங்கிவிடும். முன்கூட்டியே உப்பள உரிமையாளரிடம் சொல்லி வைத்திருந்தேன்; வேலை நடக்கும் வரப்பில் ட்ரைபாடை விரித்து வழியை மறிக்கக் கூடாது என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை. நியாயமானது. வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும் என்று உப்பு வாருபவர்கள் இருட்டிலேயே வந்துவிடுவார்கள். நெற்றியில் கட்டிய விளக்கோடு வரிசையாக வருவார்கள்; அந்த விளக்கு நேராகக் கண்ணில் பட்டால் இருட்டுக்குப் பழகிய பார்வை போய்விடும். அவர்களிடம் விளக்கை அணைக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? உப்பு அம்பாரம் ஒன்றின் மறைவில் கருவியை வைத்தேன். காற்றுக்கும் அதுவே தடுப்பு.

ஈரக்காற்று அடுத்த தொல்லை. குளிரூட்டிய அறையிலிருந்து நேராக எடுத்துவந்தால் கடற்கரையில் லென்ஸ் உடனே வியர்த்துவிடும். முந்தின இரவே தொலைநோக்கியைப் பெட்டியோடு மொட்டைமாடியில் வைத்துவிடுவது வழக்கமாயிற்று.

நேரக் கணக்கு இதுதான். செப்டம்பர் 30 வாக்கில் நம் பகுதியில் சூரியன் ஆறு மணி கடந்து சில நிமிடங்களில் உதிக்கும். வானத்தில் முதல் வெளுப்பு ஐந்துக்குச் சற்று முன்னால். வால்வெள்ளி நாலரையை ஒட்டி அடிவானம் கடந்தாலும் ஐந்து டிகிரி ஏறும்வரை அதைப் படம் எடுப்பதில் பயனில்லை; அந்த உயரத்தில் தலைக்கு மேல் உள்ளதைப் போலப் பத்து மடங்கு காற்றின் ஊடாகப் பார்க்கிறோம். ஐந்தேகாலுக்கு அது பதினொரு டிகிரியை எட்டும்போது வானம் வெளுத்துவிடும். ஐந்தரைக்கு மேல் கதை முடிந்தது. நம் ஊர் விடியல் வேகமானது. ஐந்தேகாலுக்குப் பிறகு நாலைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வானத்தின் வெளிச்சம் இரட்டிப்பாகும். மொத்தத்தில் கையில் கிடைப்பது அரை மணி நேரம்.

அதற்குள் ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சிரியஸ் அந்நேரம் தென்கிழக்கில் உயரமாக இருக்கும். அதன் மீது தொலைநோக்கியைத் திருப்பி, வாயில் பாட்டினோவ் முகமூடியை (ஃபோகஸ் பார்ப்பதற்கான, வரிவரியாக வெட்டிய மூடி) போட்டு, மூன்று கீற்றுகளில் நடுக்கீற்று சரிபாதியில் வரும்வரை குமிழைத் திருகி, பூட்டுத் திருகை இறுக்கி, மேலே ஒட்டுநாடாவும் ஒட்டிவிட்டேன். இதை நாலரைக்கு முன் முடித்துவிட வேண்டும். கேமராவை அதன் நீளப் பக்கம் செங்குத்தாக வருமாறு திருப்பி வைத்தேன். வால் சூரியனுக்கு எதிர்த்திசையில்தான் நீளும். நம் வானத்தில் அது ஏறத்தாழ நேர்மேலே. மூன்று டிகிரியை அகலத்தில் வீணாக்குவானேன்?

வால்வெள்ளியைத் தேடுவதற்கு வானமே குறிப்பு வைத்திருந்தது. கிழக்கே மக நட்சத்திரம் பதினைந்து டிகிரி உயரத்தில்; அதற்கு வலப்புறம், தெற்கே இன்னும் உயரத்தில், அல்ஃபார்ட் என்ற செந்நிற நட்சத்திரம். இந்த இரண்டையும் மேல் முனைகளாக வைத்து, பக்கங்கள் ஏறக்குறையச் சமமாக இருக்கும்படி கீழ்நோக்கி ஒரு முக்கோணம் போட்டால் அதன் கீழ் முனையில் வால்வெள்ளி. 30-ஆம் தேதி விடியலில் தேய்பிறைக் கீற்றும் மகத்துக்குச் சற்றுக் கீழே நின்று வழி காட்டியது. அப்படியும் அடிவானத்துப் புகைமூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை. வேறொரு கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டு, கேமராவின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 3200-க்கு ஏற்றி இரண்டு விநாடி எடுத்துப் பார்த்தபோது, திரையில் மீன்பிடி விசைப்படகு ஒன்றின் விளக்குக்கு மேலே, தேய்த்து அழித்த சாக்பீஸ் கோடு போல நின்றுகொண்டிருந்தது. பிறகு கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. ஒருமுறை இடம் தெரிந்துவிட்டால் முன்பு எப்படித் தெரியாமல் போயிற்று என்று தோன்றும்.

படகு நகரும், அதைக் குறியாக வைக்கக் கூடாது. ஆனாலும் இரண்டு நிமிடத்துக்கு உதவிற்று. குறிநோக்கியில் நடுவே கொண்டுவந்து, மோட்டாரை ஓடவிட்டு, ஐஎஸ்ஓ 800, பத்து விநாடி என்று தொடங்கினேன். ஐஎஸ்ஓவை ஏற்றாததற்குக் காரணம் உண்டு. வெளுக்கும் வானமே படத்தை நிரப்பிவிடும்; ஏற்றினால் வால்வெள்ளியின் தலைதான் முதலில் வெந்து வெள்ளையாகும். ஐந்து மணிக்கு எட்டு விநாடி, ஐந்தேகாலுக்கு மூன்று, ஐந்து இருபத்தைந்துக்கு அரை விநாடி என்று இறக்கிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு முறையும் கேமராவின் பின்திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தில் மேடு பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். நேரத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

தொடக்கத்தில் எடுத்த படங்களை அங்கேயே பெரிதாக்கிப் பார்த்தால் நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லை. மெல்லிய இழுப்பு இருந்தது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே வால்வெள்ளியும் இடம் மாறிக்கொண்டே போயிற்று. ஆப்பு தளர்ந்துவிட்டதோ என்று போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை. பிறகுதான் இழுப்பின் திசையைக் கவனித்தேன். நம் ஊரில் கிழக்கு வானத்து நட்சத்திரங்கள் செங்குத்தாக ஏறும். அச்சின் உயரம் தப்பியிருந்தால் இழுப்பு கிடையாக இருக்க வேண்டும். இதுவோ நேர் மேல்கீழாக இருந்தது. அதிலும் நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே வந்தது. மவுண்டின் கோளாறு என்றால் அது ஏன் குறைய வேண்டும்?

இது காற்றின் வேலை. அடிவானத்துக்கு அருகே வளிமண்டலம் ஒளியை வளைத்து, எல்லாவற்றையும் உண்மையான இடத்தைவிட உயரத்தில் காட்டும். அடிவானத்தில் அந்தத் தூக்கல் அரை டிகிரிக்கு மேல். ஐந்து டிகிரி உயரத்தில் பத்து ஆர்க் நிமிடம், எட்டு டிகிரியில் ஆறரை. நட்சத்திரம் ஏற ஏறத் தூக்கல் குறைவதால், அது மோட்டார் நினைப்பதைவிட மெதுவாக ஏறுவதுபோல் தெரியும். ஐந்திலிருந்து எட்டுக்கு ஏறப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் மூன்று ஆர்க் நிமிடத்துக்கு மேல் விலகல். என் கேமராவில் அது நிமிடத்துக்கு எட்டு பிக்சல். பத்து விநாடிப் படத்தில் ஒரு பிக்சலுக்குச் சற்று அதிகம். திரையில் கண்ட இழுப்போடு கணக்கு ஒத்துப்போயிற்று. மவுண்டைத் திருகித் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. படத்தின் நேரத்தை ஆறு விநாடிக்குக் குறைத்தேன். அவ்வப்போது கைத்திருகால் வால்வெள்ளியை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தேன். வேறு வைத்தியம் இல்லை.

இதற்கிடையே வரப்பில் போன அக்கா ஒருவர் நின்று, “என்ன தம்பி, கப்பல் பார்க்கிறீர்களா?” என்றார். கை நீட்டிக் காட்டினேன். நெற்றி விளக்கை அவரே அணைத்துவிட்டுப் பார்த்தார். “இது இரண்டு நாளாகவே நிற்கிறதே, நாங்கள் பார்த்துக்கொண்டுதான் போகிறோம்” என்று சொல்லிவிட்டு நடந்தார். தினமும் அந்நேரம் கிழக்கே பார்த்து நடப்பவர்கள் அவர்கள். முக்கோணமும் தேவையில்லை, கேமராவும் தேவையில்லை.

எல்லா விடியலும் இப்படி அமையவில்லை. கடலுக்கு மேல் காலையில் மேகம் வரிசையாக நிற்பது இந்தக் கரையின் குணம். ஐந்து டிகிரி உயரத்துக்கு அணை கட்டியது போல மறைத்துவிடும். அக்டோபர் 2, மகாளய அமாவாசை. நிலா இல்லாத வானம், கடற்கரைகளிலெல்லாம் தர்ப்பணக் கூட்டம். எனக்குக் கிடைத்தது மேக விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த வால் மட்டும். இதில் சலித்துக்கொள்ள ஒன்றுமில்லை. 1872-இல் சென்னை ஆய்வகத்தில் இருந்த நார்மன் போக்சனுக்கு ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து கிளிங்கர்ஃபூஸ் தந்தி அடித்தார்: பியலா வால்வெள்ளி பூமியைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது, தீட்டா சென்டாரி என்ற நட்சத்திரத்தின் பக்கம் தேடு என்று. போக்சன் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு விடியலில் மேகத்தின் இடைவெளியில் வால்வெள்ளி ஒன்றைப் பிடித்தார், மறுநாளும் பார்த்தார். அதன்பிறகு மேகம் மூடியது மூடியதுதான். அது பியலாவா, வேறொன்றா என்ற வாதத்தைத் தீர்க்க மூன்றாவது பார்வை ஒன்று கிடைக்கவே இல்லை. டிசம்பரில் சென்னை வானத்தை நம்பித் தந்தி அடித்தவரைச் சொல்ல வேண்டும்.

விடிந்த பிறகும் இரண்டு வேலை பாக்கி. வெளுத்த வானத்தை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பி, வாயில் வெள்ளை வேட்டித் துணியை இரட்டையாக மடித்துக் கட்டி, ஃபோகஸைத் தொடாமல் சில படங்கள். லென்ஸின் ஓர இருட்டையும் சென்சாரில் ஒட்டிய தூசியையும் பின்னால் கழிக்க இவை வேண்டும். பிறகு மூடியைப் போட்டு, அதே நேர அளவுகளில் இருட்டுப் படங்கள். ட்ரைபாடின் கால்களை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தே ஆக வேண்டும். உப்பளக் காற்று ஒரே வாரத்தில் திருகுகளைப் பூக்க வைத்துவிடும். லென்ஸை மட்டும் தேய்க்கக் கூடாது, ஊதியால் ஊதினால் போதும்.

பல படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும் கணினி வேலைக்குச் சிரில் என்ற இலவச மென்பொருள். இங்கேதான் பொறுமை தேவைப்பட்டது. வால்வெள்ளி அந்த நாட்களில் நட்சத்திரங்களுக்கு நடுவே நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு டிகிரி நகர்ந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்துப் படங்களை அடுக்கினாலே பன்னிரண்டு முதல் இருபத்தைந்து பிக்சல் வரை விலகும். நட்சத்திரங்களைப் பொருத்தி அடுக்கினால் வால்வெள்ளி குழம்பும்; வால்வெள்ளியைப் பொருத்தினால் நட்சத்திரங்கள் கோடாகும். ஆகவே இரண்டு அடுக்கு. முதலில் நட்சத்திரங்களை வைத்து ஒருமுறை பொருத்தினேன். வெறுமனே நகர்த்திப் பொருத்தும் முறை இதற்கு ஆகாது. காற்றின் வளைவால் படத்தின் கீழ்ப்பகுதி மேல்பகுதியைவிட அதிகம் அமுங்கியிருக்கும், அந்த அமுக்கமும் படத்துக்குப் படம் மாறும். உருமாற்றமும் சேர்த்துச் செய்யும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் வால்வெள்ளியின் தலையைச் சுட்டிக்காட்டினால், படங்களில் பதிவான நேரத்தை வைத்து இடைப்பட்ட இடங்களை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும். கேமராவின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நட்சத்திரங்களின் மேல் விளிம்பில் நீலமும் கீழ் விளிம்பில் சிவப்பும் பிரிந்து நின்றதைப் பார்த்து லென்ஸை நொந்துகொள்ள வேண்டாம். காற்று நீல ஒளியைச் சிவப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைக்கும். எட்டு டிகிரி உயரத்தில் அது மூன்று நான்கு பிக்சல் வித்தியாசம். மூன்று நிறங்களையும் தனித்தனியே பிரித்து, ஒன்றன் மேல் ஒன்றைப் பொருத்திச் சேர்த்தால் மறைந்துவிடும். வானத்தின் சரிவுதான் கடைசிப் பிரச்சினை: படத்தின் அடியில் ஆரஞ்சு, உச்சியில் கருநீலம். அதை முழுக்கத் துடைத்து எடுத்தால் வாலின் மங்கலான பகுதியும் சேர்ந்து போகிறது. பாதியோடு நிறுத்திக்கொண்டேன். விடியலில் எடுத்த படம் விடியல் போல இருந்தால் குறை ஒன்றும் இல்லை.

படத்தில் தலை சின்னதாக, இறுக்கமாக இருக்கிறது. வால் பொன்மஞ்சள், தூசி நிறைந்த வால்வெள்ளி என்பதும், நாம் அதைத் தடித்த காற்றின் வழியே பார்ப்பதும் சேர்ந்த நிறம். மூன்று டிகிரிச் சட்டம் போதாமல் மேல் விளிம்பைக் கடந்து வால் வெளியே போய்விட்டது. முழு வாலும் வேண்டியவர்கள் தொலைநோக்கியை விட்டுவிட்டு 135 மி.மீ. லென்ஸுக்குப் போக வேண்டும். தலையருகே வால் எப்படிப் பிரிகிறது என்று பார்க்க வேண்டியவர்களுக்கே தொலைநோக்கி.

அக்டோபர் முதல் வாரம் முடிவதற்குள் வால்வெள்ளி சூரிய வெளிச்சத்துக்குள் இறங்கிவிட்டது. அதன்பிறகு சில நாட்கள் சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் கேமராவில்தான் தெரிந்தது. 12-ஆம் தேதி பூமிக்கு ஏறத்தாழ 7.1 கோடி கிலோமீட்டர் வரை வந்து, மாலை வானத்துக்கு மாறியது. 15-ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக வானிலை ஆய்வு மையம் அறிவித்தது. மேற்கே நோக்கினாலும் அதே ஆப்பு, அதே உயரக் கணக்குத்தான். வானம்தான் கிடைக்கவில்லை.

ஆப்பின் அளவு கேட்பவர்களுக்கு: உங்கள் மவுண்ட் இருபது டிகிரியில் நின்றுவிடுகிறது என்றால், இருபதிலிருந்து உங்கள் ஊர் அட்சரேகையைக் கழியுங்கள். பத்து சென்டிமீட்டர் விட்டத்துக்கு, தடித்த ஓரம் மெல்லிய ஓரத்தைவிடச் சென்னையில் 1.2 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் 1.8, நாகர்கோவிலில் 2.1. சென்னைக்காரர்கள் ட்ரைபாடின் காலைச் சுருக்கியே சமாளித்துவிடலாம். மற்றவர்கள் ஆப்பு வெட்டும்போது அடியில் வைக்கும் சின்ன ஆப்பையும் சேர்த்தே வெட்டச் சொல்லுங்கள். அது இல்லாமல் போல்ட் நிற்காது.